நம்பர் பாயும் என் முழங்காலும்

முழங்கால் வலி என்று பொய் சொல்லி, இரண்டு கால்களையும் தோல் பதனிடும் தொட்டியில் ஊறப்போட்டவன் இந்த ராஜதானியிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என்னை அங்கிருந்து கரையேற்றிய நம்பர் பாயைப் போல இன்னொரு மனிதர், ஆம்பூரிலிருந்து வாலாஜாபேட்டை வரை சலித்தாலும் கிடைக்கமாட்டார்.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் நான் கணக்கெழுதும் ரைட்டர். பாய் அங்கே தோலுக்கு நம்பர் போட்டுத் தரம் பிரிப்பவர். பதமான தோலை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். கட்டைவிரலால் ஒரு தடவு. "செகண்டு" என்பார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. சீமைக்குப் போகும் சரக்கில் மூன்றாம் நம்பரைக் கலக்கச் சொன்ன முதலாளியிடம், "கலந்துக்குங்க சாப். முதல்ல என் கட்டைவிரலை வெட்டி வெச்சிடுங்க" என்றவர். பிரியாணி, பிரசங்கம், மழை எல்லாவற்றுக்கும் நம்பர் உண்டு. முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் யாரும் கேட்காமலே மாப்பிள்ளையை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "மூணு. முதுகுப் பக்கம் பரவால்ல" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார். ஆட்டுத் தோலைத் தவிர வேறொன்றுக்கு அவர் "ஃபஸ்ட்டு" சொல்லி நான் ஒரே முறைதான் கேட்டிருக்கிறேன். அதுவும் ஒரு புளியமரத்துக்கு.

ஐம்பத்திரண்டாம் வயதில் எனக்கு அடிக்கடி ஒன்றுக்குப் போகும் உபத்திரவம் வந்தது. வேலூர் டாக்டர் சோதித்துவிட்டு, மூத்திரப்பைக்கு அடியில் பிராஸ்டேட் என்று ஒரு சுரப்பி உண்டு, அதில் புற்று வைத்திருக்கிறது, வெட்டியெடுக்க வேண்டும் என்றார். ஐம்பத்திரண்டு வருஷமாக என்னோடு குடியிருந்தவரின் பெயரை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

"டாக்டர் இன்னா சொன்னாரு?" என்று மனைவி கேட்டாள். அலமாரி நிறையப் புத்தகம் படித்த எனக்கு அந்த இடத்தைச் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை. "முட்டி வலியாம்" என்றேன். வெட்டிக்கொள்ளப் போவதில்லை என்று மனசுக்குள் முடிவும் செய்தேன்.

வீட்டில் வேளைக்கு ஒரு எண்ணெய். செய்தி ஷாப்புக்கும் வந்தது. அங்கே முட்டி வலிக்கு ஒரே வைத்தியம், ஆவாரம்பட்டை ஊறும் தொட்டி. தோலைக் கெட்டிப்படுத்துகிற சாறு முட்டியை விட்டுவிடுமா என்பது அவர்கள் வாதம். ஒரு மார்கழிக் காலையில் அன்போடு என்னைத் தூக்கி உள்ளே இறக்கினார்கள். குளிர்ந்த சாறு தொடை வரை ஏறியது. என் வியாதிக்கு அதைவிடக் கெடுதலை யோசித்தாலும் செய்ய முடியாது. அரைமணியில் மூன்று முறை தொட்டியைத் தாண்டிக் குதித்து மதில் பக்கம் ஓடினேன்.

மூன்றாம் முறை திரும்பும்போது பாய் குறுக்கே நின்றார். "முட்டி நோவுக்காரன் இப்படிக் குதிக்கமாட்டான் ரைட்டரே. நெசமா எங்க நோவு?"

மனைவிக்குச் சொல்லாததை, பழுப்பேறிய கால்களோடு நின்று அவரிடம் சொன்னேன். கத்திக்குப் போகப் போவதில்லை என்பதையும் சொன்னேன்.

அவர் வாதாடவில்லை. அன்று சாயங்காலமே சுண்ணாம்புக் குழி மேஸ்திரியைக் கூட்டிவந்து மதிலோரம் உட்கார வைத்தார். நடுவில் எழுந்துபோக அதுதான் சௌகரியமான இடம். மேஸ்திரிக்குப் போன வருஷம் அதே சுரப்பியை எடுத்திருந்தார்கள். அவருக்குப் புற்று இல்லை, வெறும் வீக்கம். ஆனாலும் கத்தி போன வழி ஒன்றுதான்.

"ரப்பர் குழாய் ஒண்ணு சொருவி வெப்பாங்க சார். ரத்தமாப் போவும். செத்தோம்னு நெனச்சுக்குவீங்க. சாவமாட்டீங்க."

"அப்புறம்?"

"ஒரு நாள் குழாயை எடுத்துடுவாங்க. தானாப் போவும் பாருங்க, கல்யாணத்தன்னிக்குக்கூட எனக்கு அவ்ளோ சந்தோசம் இல்ல."

இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. மூன்று சாயங்காலம் அப்படி உட்கார்ந்தோம். நாலாம் நாள் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். "அவ்ளோ எண்ணெயும் வீணாப் போச்சே" என்றாள். பிறகு உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

வேலூர் பஸ்ஸில் எங்களோடு பாயும் ஏறினார். எனக்காக மூன்று இடத்தில் வண்டியை நிறுத்தினார்.

"இன்னா பாய், ஜனங்க பேஜார் பண்றாங்க" என்றான் டிரைவர்.

"உனக்கும் வயசாவும்பா. பள்ளிகொண்டா தாண்டி ஒரு புளியமரம், மறைவு ஜாஸ்தி, ஃபஸ்ட்டு மரம். அங்க ஒரு தபா நிறுத்திடு, போதும்."

ஆஸ்பத்திரியில் என்னைக் கட்டிலோடு தள்ளிப்போக ஆள் வந்தபோது பாயின் கையைப் பிடித்துக்கொண்டேன். "உள்ளதைச் சொல்லுங்க பாய். நான் என்ன நம்பர்?"

என் கையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கட்டைவிரலை ஓட்டினார். "செகண்டு."

கழிவு என்பார் என்று நினைத்திருந்தேன். செகண்டு என்றால் சீமைக்குப் போகும் சரக்கு. முதலாளியின் மாப்பிள்ளையைவிட ஒரு படி மேல். அந்தத் தெம்பில்தான் உள்ளே போனேன்.

மேஸ்திரி சொன்னது அத்தனையும் நடந்தது, அந்தச் சந்தோஷம் உட்பட. புற்று முழுசாகப் போய்விட்டது என்று டாக்டர் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொன்னார். காட்டிவருகிறேன். ஒவ்வொரு தடவையும் பாய் பக்கத்து சீட்டில்.

போன மாதம் அந்தப் புளியமரத்தடியில், வெகுநாளாக மனசில் இருந்ததைக் கேட்டேன். "அன்னிக்கு எனக்குத் தைரியம் வரட்டும்னுதானே செகண்டுன்னீங்க?"

பாய்க்குக் கோபம் வந்துவிட்டது.

"நம்பர்ல பொய் சொல்வேனா நானு? நோவுக்கு நான் ஒண்ணும் கழிக்கல ரைட்டரே. முட்டின்னு பொய் சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான் ஒரு நம்பர் எறக்குனேன்."