போத்தனூர் போய் வந்த மேசை

மறுத்துப் பேச வராதவனை அரசாங்கம் வேலைக்கே எடுக்கக் கூடாது. எடுத்தாலும் குட்டியானை வண்டியில் ஏற்றி வெளியே அனுப்பக் கூடாது. என் விஷயத்தில் இரண்டையும் செய்தார்கள்.

எங்கள் கோவை அலுவலகத்தில் பிரம்மாண்டமான தேக்கு மேசை ஒன்று உபரியாகிவிட்டது. போத்தனூரில் இருந்த வேறொரு துறைக்கு அதை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு. அதே நாள் மாலை, எனக்குப் பெண் தரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த அவிநாசிக்காரர் என்னைப் பற்றி விசாரிக்க ஆபீசுக்கே வருவதாகத் தகவல்.

"அந்த மேசைய ஒழிச்சுக் குடுங்க தம்பி. உங்களப் பத்தி நாலு நல்ல வார்த்தை நான் சொல்லிப்போடறனுங்க" என்றார் கண்காணிப்பாளர் அம்மா. (நாலு தேறுமா என்பது வேறு விஷயம்.)

போத்தனூர் ஸ்டோர் பொறுப்பாளர் தங்கவேலண்ணன், வண்டியைப் பார்ப்பதற்கு முன் என் முகத்தைப் பார்த்தார். "ஏனுங்க, வெயில்ல வந்திருக்கறீங்க. மொதல்ல ஒரு வாய் சாப்புடுங்க."

அவருடைய டிபன் கேரியரில் அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய். ஒருவர் வீட்டு நெய் விரலில் மணக்கும்போது அவரிடம் எப்படி முரண்டு பிடிப்பது?

"மேசைய எறக்கிக்கலாமுங்க கண்ணு. எடந்தான் இல்லீங்க. எங்க உபரி கொஞ்சம் கெடக்குது. அத நீங்க எடுத்துக்கிட்டீங்கன்னா..."

நியாயமாகத்தான் பட்டது. (நெய் அப்படி.) மேசையை வாசலில் இறக்கினோம். எருமைக் கன்று அளவில் ஒரு செத்த ஜெராக்ஸ் மெஷின், முதுகில்லாத நாற்காலிகள், எல்லாம் வண்டியில் ஏறின. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் போட்டேன். பிறகுதான் மேசையைத் தூக்கினோம். நேராக, சாய்த்து, கவிழ்த்து எப்படிப் பார்த்தும் அவர்கள் கதவுக்குள் அது நுழையவில்லை.

"அடடா! அப்ப இதையும் கையோட கொண்டுபோயிருங்க. இன்னொரு நாளைக்குச் சாவகாசமாப் பாத்துக்கலாமுங்க. அப்பறம், அந்த வாட்டர் கூலர மறந்துட்டீங்களே!"

"சரிங்கண்ணா" என்றேன்.

மேசை தலைகீழாக உச்சியில் ஏறியது. அதற்குள் கூலர். கூலர் விழாமலிருக்க அதைக் கட்டிப்பிடித்தபடி, நான்கு கால்களுக்கு நடுவில் நான்.

"ஏனுங்க சார், நாம குடுக்கப் போனமா, சீர் வாங்கப் போனமா?" என்றார் டிரைவர். உக்கடத்தில் ஓர் அம்மா, சாமி ஊர்வலம் என்று எண்ணிக் கும்பிட்டுவிட்டு, அப்புறம் உற்றுப் பார்த்தார்.

ஆபீஸ் வாசலில் கண்காணிப்பாளர் அம்மாவும் அவிநாசிக்காரரும் நின்றிருந்தார்கள்.

"அதாருங்க, மேல?"

"நீங்க கேட்ட பையன்தானுங்க."

அவிநாசிக்காரர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ஆளு எப்படிங்க?"

அந்த அம்மாவுக்குப் பொய் வராது. "யாரு என்ன சொன்னாலும் எதுத்துப் பேச மாட்டாருங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "போதுமுங்க. எம் பொண்ணுக்கு இவருதான்!"

இப்போது எங்கள் மகளுக்கு வரன் பார்க்கிறோம். சரவணம்பட்டியில் ஓர் இடம். போய்ப் பேசி வரலாமென்று நான் சட்டையை மாட்டினாலே போதும், மனைவி தன் அண்ணனுக்குப் போன் போட்டுவிடுவாள்.

"அண்ணா, நீங்களும் கூடப் போங்க. இவரத் தனியா உட்டா, மாப்பிள்ளையோட சேத்தி அவரு தம்பிக ரெண்டு பேர்த்தையும் கையெழுத்துப் போட்டு ஏத்திக்கிட்டு வந்துருவாரு!"