ஆனியின் ஸ்டூலுக்கு வந்த சோதனை

மாதா துணை

ராயப்பேட்டை

பிரியமுள்ள தம்பி வில்லியத்துக்கு, அக்கா சவரியம்மா ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே மாதா புண்ணியத்தில் எல்லாரும் சுகம், என் முட்டியைத் தவிர. போன் போட்டால் உன் சம்சாரம்தான் எடுக்கிறாள், அதனால் கடுதாசியை ஆட்டோ காதரிடம் கொடுத்தனுப்புகிறேன். என் பேத்தி ஆனி கோயிலில் புதுநன்மை வாங்கின அன்றைக்கு வைத்த விருந்தில், இந்தக் காலை வெச்சிக்கினு இது எங்கே வேலைக்குப் போவப்போவுது என்று பிரியாணியை மென்றுகொண்டே சொன்னவள் அவள். அன்றைக்குக் கட்டியிருந்தது கத்தரிப்பூ கலர் புடவை. எனக்கு எதுவும் மறக்காது.

விஷயம் என்னவென்றால், ஆனி தி.நகர் புடவைக்கடையில், மாடியில் பட்டு விற்கிறாள் அல்லவா, நாளெல்லாம் நின்று அந்தக் குட்டைக்கால் பூசணிக்காயாக வீங்கிப்போகும். அவளே முதலாளி செம்பியனிடம், உட்கார ஏதாவது வேணும் சார், சட்டமும் அப்படித்தான் சொல்லுது என்று கேட்டாள். அவரும் உயரமாக ஒரு ஸ்டூல் போட்டுக்கொடுத்தார். வீக்கம் வடிந்தது, வினை பிடித்தது. மற்ற பெண்கள் எல்லாம் நிற்க இவள் மட்டும் உட்கார்ந்திருந்தால் சனம் என்ன நினைக்கும், இவள்தான் முதலாளியம்மா என்று தள்ளுபடி கேட்டு வரிசை கட்டுகிறது, சாயம் போன புடவையை இவள் மடியில் கொட்டுகிறது, ஒரு அம்மாள் தாம்பாளத்தில் கல்யாணப் பத்திரிகையே வைத்துவிட்டுப் போனாள். சூப்பர்வைசர் சுரேஷ்குமாருக்கு வயிறு எரிந்து, நேற்று சாயங்காலம், நாளையிலிருந்து ஸ்டூல் கிடையாது, நிற்க முடியாவிட்டால் வீட்டிலே உட்காரு என்றுவிட்டான். ஆனி விட்டாளா, இன்றைக்குக் காலையில், "ஸ்டூலு பெருமைக்கு இல்ல ஆயா, காலுக்கு. எல்லாருக்கும் ஒண்ணு போடச் சொல்லிக் கேக்கறேன், அப்புறம் யாரு முதலாளின்னு எவன் தேடுவான்?" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். எனக்கு நம்பிக்கையில்லை. வேலை போய்விடும் போலிருக்கிறது. நாளைக்கு நீ வெள்ளைச்சட்டை போட்டுக்கொண்டு வா, ரிட்டயர்டு வாத்தியார் என்று சொல், நியாயத்தை நீ பேசு, சத்தத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் பேரப்பிள்ளைகளுக்கு முத்தங்கள். உன் சம்சாரத்துக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
உன் அக்கா சவரியம்மா

பின்குறிப்பு: நீ வரவேண்டாம். ஆனி இப்போதுதான் வந்தாள். நேரே முதலாளியிடமே கேட்டாளாம், மாடியில் எல்லாப் பெண்களுக்கும் ஸ்டூல் போட்டாயிற்றாம். ஒன்று குறைந்ததாம், வாயும் வயிறுமாக இருக்கிற பெண்ணுக்கு முதலாளி தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு நின்றாராம். நிற்பது அவர் ஒருத்தர்தானே, கோடம்பாக்கத்து அம்மாள் ஒருத்தி, "இன்னாப்பா சும்மா நின்னுகினு கீறே, அந்த மயில்கழுத்தை எடுத்துப் போடு" என்றாளாம். பாவம், எடுத்து எடுத்துப் போட்டாராம். ஒன்றும் வாங்காமல் எழுந்தவள், போகிறபோது ஆனியிடம் சொன்னாளாம்: "ஆளு புதுசாம்மா? மடிக்கவே தெரியல. கொஞ்சம் சொல்லிக்குடு."