கவலையின் ஆழம்

ராஜாவுக்குப் படை உண்டு. போப்பாண்டவருக்குப் பக்தர்கள் உண்டு. இரண்டுமே இல்லாமல் பூமியின் ஐந்து கண்டங்களையும் தலையில் தாங்கும் ஒரே பதவி, பிரெஞ்சு பேசும் நாடுகளின் பேரமைப்புக்குத் தலைமைச் செயலாளர் பதவிதான். அவர் கையில் இருக்கும் ஆயுதம் ஒன்றே ஒன்று: கவலை.

உங்கள் வீட்டுக் கவலை, என் வீட்டுக் கவலை மாதிரி அல்ல. இது முத்திரை குத்திய கவலை. எங்கேயாவது வாக்குப்பெட்டி காணாமல் போனால் 'கவலை'. நாடாளுமன்றத்தை இழுத்துப் பூட்டினால் 'ஆழ்ந்த கவலை'. ராணுவம் ஜனாதிபதியின் படுக்கையறைக்குள் புகுந்துவிட்டால் 'மிக ஆழ்ந்த கவலை'. எதற்கு எவ்வளவு ஆழம் என்று அளந்து எழுதித் தருவது அடியேன் வேலை. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன ஆப்பிரிக்க நகரமான லோமேயில் பிறந்தவன், பாரிஸில் இருபது வருஷமாகக் கவலை எழுதிப் பிழைக்கிறேன். பிழைப்பைக் குறை சொல்ல மாட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு ஒயின் தருகிறார்கள்.

எங்கள் தலைமைச் செயலாளர் மேதகு ஒனோரின் அம்மையாருக்கு அப்போது முதல் பதவித் தவணை முடிகிற நேரம். எங்கள் அமைப்பில் ஓட்டுப் போடுவது போன்ற அநாகரிகங்கள் கிடையாது. எல்லாம் 'ஒருமனதாக'த்தான். அந்த ஒரு மனது யாருடையது என்றால், எங்களுக்குக் கட்டடம் கொடுத்து வைத்திருக்கும் நாட்டினுடையது.

அந்த ஆண்டு பேச்சுப் போட்டி நடந்தது. தலைப்பு, 'எல்லைகள் அற்ற மொழி'. முதல் பரிசு எங்கள் லோமேக்காரிக்கு! சட்டம் படித்த பெண், பெயர் தெலாலி. அவள் பேச்சின் ஒலிப்பதிவைக் கேட்டு நடுவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். பரிசு, பாரிஸில் ஓராண்டு மேற்படிப்பு. ஒரே நிபந்தனை: விழா மேடைக்கு நேரில் வந்து, தலைமைச் செயலாளர் கையால் பதக்கம் வாங்க வேண்டும். வராவிட்டால் இடம் காலாவதி. விழாவுக்கு ஒரு வாரம் இருக்கையில் அவளிடமிருந்து போன் வந்தது.

"கொம்லா அண்ணே, விசா இல்லைன்னுட்டாங்க."

"என்ன காரணமாம்?"

"நான் ஊருக்குத் திரும்பி வருவேன்னு நம்பிக்கை இல்லையாம். கவுன்டர்ல இருந்தவரு சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாரு. 'இவ்வளவு அழகா பிரெஞ்சு பேசுற ஆளு, அங்க போனா எதுக்கும்மா திரும்பி வருவே?'ன்னு."

"நீ என்ன சொன்னே?"

"வேணும்னா தப்பும் தவறுமா பேசிக் காட்டட்டுமான்னு கேட்டேன்." சிரித்தாள். "அண்ணே, விளையாட்டில்ல. இந்த இடத்தை நம்பி இருந்த வேலையையும் விட்டுட்டேன். உங்க மதாம்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அவங்க சொன்னா நடக்காதா?"

நடக்காதா என்ன! ஓடினேன். அம்மையார் நிஜமாகவே கொதித்துப்போனார்.

"அந்தப் பொண்ணு பேச்சைக் கேட்டு நான் அழுதிருக்கேன், கொம்லா. சும்மா விடக்கூடாது. எழுதுங்க அறிக்கை!"

"எவ்வளவு ஆழம், மதாம்?"

அவசரக் கூட்டம் கூடியது. 'ஆழ்ந்த கவலை' என்று போடலாம் என்றேன். சட்ட ஆலோசகர் துள்ளி எழுந்தார்.

"யோவ், போன மாசம் ஒரு ஜெனரல் நாடாளுமன்றத்தையே பூட்டினதுக்கு அவ்வளவுதான் போட்டோம். ஒரு விசாவுக்கும் அதேன்னா அந்த ஜெனரல் மனசு என்ன பாடுபடும்?"

"அப்ப வெறும் 'கவலை'?"

"யார் மேல? இடம் கொடுத்தவங்க மேலயா? முன்னுதாரணம் இருக்கா?"

இல்லை. எங்கள் கவலை என்றுமே வடக்கிலிருந்து தெற்கு நோக்கித்தான் பாய்ந்திருக்கிறது. இரண்டு கூட்டங்களுக்குப் பிறகு, 'மெல்லிய கவலை' என்று ஒரு புது ரகத்தைக் கண்டுபிடித்தோம். மொழி வளர்ச்சி என்றால் இதுதான். அறிக்கையை வெளியிடுமுன் மரியாதைக்காக அம்மையார், கட்டடம் கொடுத்த நாட்டின் தொடர்பு அதிகாரி முசியே வோக்லேனுக்குத் தாமே போன் போட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

"முசியே, ஒரு சின்ன விஷயம்…"

"சொல்லுங்க மதாம்! நாமெல்லாம் ஒரே குடும்பம்!"

"அதேதான். குடும்பத்துப் பொண்ணு ஒருத்தி வாசல்ல நிக்கிறா."

"ஐயோ, குடும்பத்துக்குள்ள சிபாரிசா? கூடவே கூடாது மதாம், தப்பு." குரலைக் குழைத்துக்கொண்டார். "அப்புறம், உங்க ரெண்டாவது தவணை விஷயம். மேல இருக்கவங்களுக்கு உங்க மேல ரொம்ப நல்ல அபிப்பிராயம். அது அப்படியே இருக்கட்டுமே."

அம்மையார் போனை வைத்தார்.

"கொம்லா, அறிக்கையில 'மெல்லிய'வை எடுத்துருங்க. 'கவலை'யையும் எடுத்துருங்க."

"அப்ப மிச்சம் என்ன இருக்கும், மதாம்?"

"தேதி இருக்கும்ல?"

விழா ஜேஜே என்று நடந்தது. தெலாலியின் பதக்கத்தை அவள் சார்பில் எங்கள் அமைப்பில் வெறும் பார்வையாளராக உட்கார்ந்திருக்கும் ஒரு நாட்டின் தூதர் பெற்றுக்கொண்டார். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. நன்றி சொல்ல 'மெர்சி' என்ற ஒரு சொல்லை மட்டும் காரில் வரும்போது மனப்பாடம் செய்திருந்தார். அதற்கே அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. எல்லைகள் அற்ற மொழியைப் பற்றி அம்மையார் உருகி உருகிப் பேசினார். மறுநாள் ஒருமனதாக மீண்டும் தலைமைச் செயலாளர் ஆனார். எனக்கு வயிறு எரிந்தது. ஒயின் குடித்து அணைத்தேன்.

அடுத்த ஆண்டு மாநாட்டின் தொடக்கத்தில் தெலாலி காணொளியிலாவது பேசினால் நன்றாயிருக்கும் என்று அம்மையாருக்குத் தோன்றியது. போன் போட்டேன்.

"ஹலோ, ஹூ இஸ் திஸ்?"

"தெலாலி! நான்தான், கொம்லா."

"அட, அண்ணே! நான் இப்ப அக்ரால இருக்கேன். பக்கத்து நாடுதானே, எல்லையை நடந்தே தாண்டி பஸ் புடிச்சேன். விசாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. இங்க யுனிவர்சிட்டில எடம் குடுத்துட்டாங்க. பாடம் பூரா இங்கிலீஷ். மொதல்ல முழி பிதுங்கிச்சு, இப்ப சரளமா வருது."

"அப்ப பிரெஞ்சு?"

"கோவம் வந்தா மட்டும் பேசுவேன் அண்ணே. உங்க மதாம் மூஞ்சி ஞாபகம் வந்தா மூச்சு விடாம பேசுவேன்."

எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு காலத்தில் ஆங்கிலேயர் தலைமுறை தலைமுறையாகக் கொடி நட்டு உட்கார்ந்திருந்தார்கள். பீரங்கி வைத்திருந்தார்கள், பள்ளிக்கூடம் வைத்திருந்தார்கள். ஆனாலும் இந்த லோமேக்காரி வாயில் ஒரு ஆங்கிலச் சொல்லை ஏற்ற அவர்களால் முடியவில்லை. ஒரு தோட்டா செலவில்லாமல் அதைச் சாதித்தவர் எங்கள் தலைமைச் செயலாளர். நியாயமாக அவருக்கு லண்டனில் சிலை வைக்க வேண்டும். நாங்கள் மூன்றாவது தவணை கொடுக்கப்போகிறோம்.