துரத்த வந்த மீன்சாமி

வளைகுடா முழுவதையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் எங்கள் வெல்டர் பாயைப் போல ஒரு கதைப் பைத்தியம் கிடைக்காது. நைஜீரியாவின் கழிமுகத்து ஈசோன் இனத்தவர். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் அஜ்மான் கேம்ப்பில் எங்களோடு ஒரே ரூம்.

அவர் கதை சொன்னால் கேட்கிறவர்கள் நடுநடுவே கத்த வேண்டும். அது அவர்கள் வழக்கம். நாங்கள் ‘உம்’ மட்டும் கொட்டினால் கோபித்துக்கொண்டு பாதியிலேயே படுத்துவிடுவார். இதனால் அவர் கதையில் வந்த ஆற்றுத் தேவதை ஒருத்தி கல்யாணமாகாமலே பல வாரம் காத்துக் கிடந்தாள்.

ஒருநாள் ஊரிலிருந்து போன் வந்தது. அவருடைய அம்மா இறந்துவிட்டார். எங்கள் அரபி முதலாளியான கஃபீல், “லீவு மாஃபி” என்று கையை விரித்ததோடு சரி. வெல்டர் பாய் கதை சொல்வதை நிறுத்திவிட்டு, ஏசி வந்த அட்டைப்பெட்டியை மீன்தலையாக வெட்ட ஆரம்பித்தார்.

அவர்கள் ஊரில் பெரியவர்கள் இறந்தால் தெய்வம் மீன்முகத்தோடு ஆற்றிலிருந்து கரையேறி ஆடும், கூட்டத்தைத் துரத்தும். கூட்டம் அலறி ஓடினால்தான் இறந்தவரை வழியனுப்பியதாகக் கணக்கு.

“நான் வரும். நீங்க ஜல்தி ஓடு. ஓடலேன்னா அம்மா போகாது, பாய்” என்று கெஞ்சினார்.

வெள்ளிக்கிழமை, கடற்கரை. மேளத்துக்குப் பதிலாக நான் பிரியாணி டேக்சாவைத் தட்டினேன். தண்ணீரிலிருந்து அட்டைமீன் எழுந்து பாய்ந்து வந்தது. எங்கள் ஆட்கள் ஒருவர் விடாமல் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார்கள். ராமநாதபுரத்துச் செல்வம் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தே விட்டான்.

“சாமி, தங்கச்சிக்கு எப்ப வரன் அமையும்னு ஒரு வாக்கு சொல்லு!”

மீன் திகைத்தது. முகமூடிக்குள் இருப்பவர் பேசக்கூடாதாம். கையை வீசிப் பார்த்தது. செல்வம் அதை ஆசீர்வாதம் என்று நினைத்து இன்னும் நன்றாகப் படுத்துக்கொண்டான்.

“டேய், எந்திரிச்சு ஓடுடா!” என்றேன்.

“சாமி வர்றப்ப ஓடுறதாண்ணே? குடும்பத்துக்கு ஆவாது!”

அதற்குள் மீன் நின்றுவிட்டது. அட்டைக்குள்ளிருந்து விசும்பல் கேட்டது.

“அவங்க அம்மா போகணும்டா!” என்று கத்தினேன்.

செல்வம் தலையைத் தூக்கி மீனைப் பார்த்தான். மெல்ல எழுந்து கைலியை மடித்துக் கட்டினான். “ஐயோ சாமி, என்னைய விட்டுரு!” என்று ஊரே கேட்கும்படி அலறிக்கொண்டு ஓட்டம் பிடித்தான். அவ்வளவுதான், அத்தனை தடிமாடுகளும் சிதறி ஓடினோம். மீன் அழுதுகொண்டே துரத்தியது. பிக்னிக் வந்திருந்த குடும்பங்கள் சமுக்காளத்தைச் சுருட்டின.

களைத்துப்போய்த் தண்ணீரில் உட்கார்ந்த பிறகுதான் முகமூடியைக் கழற்றினார்.

“கலாஸ், முடிஞ்சுது. அம்மா போயிட்டா” என்றார்.

அந்த அம்மாவின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. ஆனாலும் ரூமுக்குத் திரும்பியதும், யாரும் சொல்லாமலே, வரிசையில் நின்று எல்லோரும் தலைக்குக் குளித்தோம்.