பற்றரிக்குக் களைப்பு வரக்கூடாது

கதிரவெளியில் ஒரு டவர் இருக்கிறது. டவரின் காலடியில் ஒரு அறை இருக்கிறது. அறைக்குள் இருபத்துநான்கு பற்றரிகள் இருக்கின்றன. கறண்ட் போனால் அந்த இருபத்துநான்கும் சேர்ந்து டவரை எட்டு மணித்தியாலம் உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்பது அவற்றைச் செய்தவர்களின் எண்ணம். செய்தவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். நமது நிர்வாக அனுபவம் அவர்களுக்கு இல்லை.

அனுபவமுள்ள நமது கம்பனி சென்ற வருடம் ஓர் ஆராய்ச்சி செய்தது. மாவட்டம் முழுவதும் பழுதாகிப்போன பற்றரிகளைக் களஞ்சியத்தில் அடுக்கி, அவை ஏன் பழுதாகின என்று ஏழு பேர் கொண்ட குழு மூன்று மாதம் விசாரித்தது. பழுதானவை அனைத்துக்கும் ஒரு பொதுக்குணம் இருப்பது தெரிய வந்தது. அவை எல்லாமே பாவிக்கப்பட்டவை. பெட்டி உடைக்காமல் கிடந்த பற்றரிகளைப் பற்றி ஒரு முறைப்பாடுகூட வந்திருக்கவில்லை. இது கண்டுபிடிக்கப்பட்ட அன்று குழுவுக்கு மத்தியானச் சாப்பாட்டோடு இனிப்புக்கு வட்டிலப்பமும் கொடுத்தார்களாம்.

அடுத்த கிழமை சுற்றறிக்கை வந்தது.

"மேற்படி விடயம் தொடர்பில் சகலருக்கும் இத்தால் அறியத்தருவது யாதெனில், மின்கலங்கள் எமது நிறுவனத்தின் பெறுமதிமிக்க சொத்துக்களாகும். மின்தடை நேரங்களில் அவற்றைப் பாவிப்பதனால் அவை களைப்படைகின்றமை அவதானிக்கப்பட்டுள்ளது. எனவே மறு அறிவித்தல் வரை மின்தடை நேரங்களில் மின்கலங்களைப் பாவிப்பது முற்றாகத் தவிர்க்கப்படல் வேண்டும்."

மின்தடை இல்லாத நேரங்களில் தாராளமாகப் பாவிக்கலாம் என்று நான்காம் பந்தியில் இருந்தது.

கம்பனி கல்நெஞ்சக் கம்பனி அல்ல. தவிர்க்க முடியாத அவசரம் என்றால் போனில் விண்ணப்பிக்கலாம். கொழும்பில் அனுமதித்தவுடன் ஆறு இலக்கத்தில் ஒரு இரகசிய நம்பர் போனுக்கு வரும். அந்த நம்பரை அறைக்குள் இருக்கும் இரும்புப் பெட்டியில் அமத்தினால் பெட்டி திறக்கும். உள்ளே சுவிட்ச். சுவிட்சைப் போட்டால் டவர் வேலை செய்யும். அந்தப் போனுக்குச் சிக்னல் கொடுப்பது அதே டவர்தான்.

இந்த ஏற்பாட்டிலுள்ள சிறு சிக்கலை முதல் நாளே கண்டுபிடித்தவர், டவரின் காவலாளி யோசேப். ஐம்பத்திரண்டு வயது. பற்றரிகளுக்கு ஏசி அறை, இவருக்கு வேப்பமரத்தின் கீழ் ஒரு பிளாஸ்டிக் கதிரை. சுற்றறிக்கையைக் கொண்டுவந்த ஓட்டமாவடி இன்ஷாப்பிடம் அவர் கேட்டார். இன்ஷாப் கம்பனியின் டெக்னீசியன்; மோட்டார் சைக்கிளில் டவர் டவராகத் திரிகிறவன்.

"தம்பி, கறண்ட் போனா டவர் போகும். டவர் போனா சிக்னல் போகும். பிறகு நம்பர் எப்பிடி வரும்?"

"கறண்ட் வந்தாப் பிறகு வரும்."

"கறண்ட் வந்தாப் பிறகு எனக்கு அந்த நம்பர் என்னத்துக்கு?"

"அதான் அண்ணன் இந்தத் திட்டத்திட திறமை. இண்டுவரைக்கும் ஒருத்தரும் துஷ்பிரயோகம் செய்யல்ல."

கறண்ட் போன அடுத்த நிமிசம் அறைக்குப் பின்னாலிருக்கும் ஜெனரேற்றர் உறுமிக்கொண்டு எழும்பும். டவருக்கு அல்ல. பற்றரிகளுக்கு வியர்க்கக் கூடாது என்பதற்காக, ஏசிக்கு.

"அந்தக் கறண்டில ஒரு சொட்டு டவருக்குக் குடுத்தா என்ன?" என்றார் யோசேப்.

"ஜெனரேற்றர் குளிரூட்டல் பிரிவு. டவர் ஒலிபரப்புப் பிரிவு. ரெண்டு பிரிவிட தலைவர்மாரும் நாலு வருசமாக் கதைக்கிறல்ல."

ஊர் கொதித்தது. கொதிக்கத்தானே வேண்டும்? மற்றக் கம்பனிகளின் அலைவாங்கித் தட்டுகளும் அதே டவரில்தான் தொங்கின. கறண்ட் போனால் கதிரவெளி முழுதும் உலகத்திலிருந்து கழன்று விழும். மீனவர் சங்கத் தலைவர் பிறின்ஸ் முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு டவரடிக்கு வந்து வாசல் படலையில் குந்தினான். நகரத்திலிருந்து பிராந்திய முகாமையாளர் ஜசிந்தன் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு வாகனத்தில் வந்து இறங்கினார். நல்ல மனிதர். ஒருவரோடும் கோபிக்க மாட்டார்.

"கறண்ட் இருக்கக்குள்ள போன் வேலை செய்யிதா, செய்யல்லியா?" என்று கேட்டார்.

"செய்யிது சேர்," என்றான் பிறின்ஸ்.

"கறண்ட் இல்லாத நேரந்தான் பிரச்சினை?"

"ஓம்."

"அப்ப பிரச்சினை கறண்டில. எங்கட பற்றரியில ஒரு பிழையும் இல்ல. நீங்களே ஒத்துக்கொள்றீங்க."

முப்பது பேரும் ஆளையாள் பார்த்தார்கள். எதையோ ஒத்துக்கொண்டுவிட்டோம் என்பது மட்டும் விளங்கியது.

"இன்னொண்டும் சொல்றன்," என்றார் ஜசிந்தன். "மாவட்டத்திலயே நூறு வீதம் ஆரோக்கியமான பற்றரி இருக்கிற ஒரே ஊர் இதுதான். மண்டூர்கூடத் தொண்ணூற்றொன்பது. கோயில் திருவிழா நேரம் அங்கத்தக் காவலாளி பற்றரியில ரெண்டு பல்ப் எரிச்சிப்போட்டார்."

பிறின்ஸ் எழும்பி சாரத்தைத் தட்டினான். "மண்டூர் எங்களுக்குக் கீழயா?"

"ஒரு வீதம் கீழ."

போராட்டம் அந்த இடத்தில் முடிவுற்றது.

மறுநாள் டவரின் வேலியில், ஜெனரேற்றரிலும் எரியும் ஒரு மின்பலகை பூட்டினார்கள். இரண்டடி உயரத்தில், சிவப்பில், 100. பின்னேரங்களில் ஊர் அதைப் பார்க்க வந்தது. கடலைக்காரர் வண்டியை அங்கே மாற்றினார். பிறின்ஸ் தன் தோணியின் மூக்கில் நூறு என்று எழுதினான். ஒருவரை ஒருவர் கண்டால் சுகமா என்று கேட்பதை விட்டு, எத்தனை என்று கேட்கும் வழக்கம் வந்தது. நூறு என்றால் சுகம்.

பிறகு அது போன்களுக்குத் தொற்றியது. பாவித்தால்தானே குறையும்? சார்ஜ் ஏற்றி, நூறு வந்ததும் நிற்பாட்டி, துணியில் சுற்றி அலுமாரியில் வைத்தார்கள். பெண் கேட்டு வந்த ஒரு வீட்டார் மாப்பிள்ளையின் போனை எல்லாருக்கும் காட்ட, அது எழுபத்திரண்டு வீதம் என்று கண்ட பெண்ணின் தகப்பன், பெடியனுக்குக் கட்டுப்பாடு போதாது என்று சம்பந்தத்தை நிறுத்திவிட்டார். தன் போனை எப்போதும் திறந்து வைத்திருந்த ஒரே மனிதர் யோசேப்தான். அவரைப் பார்த்து ஊர் கொஞ்சம் இரங்கியது.

அவருக்கு ஒரு காரணம் இருந்தது. மனைவி மார்கிறட் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். போய் ஆறு வருடம். சொந்தப் போன் இல்லை. வெள்ளிக்கிழமைகளில், நமது நேரம் இரண்டிலிருந்து இரண்டரை வரை, வீட்டுக்காரியின் மகள் தன் போனைக் கொடுப்பாள். ஒவ்வொரு முறையும் வேறு நம்பர் விழும். திருப்பி எடுத்தால் ஒரு பெண்குரல் அரபியில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடும்.

போன வெள்ளி மார்கிறட் சொன்னாள்: "இஞ்சாருங்க, ஒப்பந்தம் முடியப்போகுது. அடுத்த வெள்ளி உங்கட நேரம் மூணு மணிக்கு மேடம் கடுதாசி கொண்டு வருவா. கையெழுத்து வெச்சா இன்னும் ரெண்டு வருசம். வெக்காட்டி டிக்கற் போட்டுத் தருவா. என்ன செய்ய? வரவா, நிக்கவா?"

யோசேப்புக்கு யோசிக்க ஒன்றுமில்லை. 'வா' என்பது ஓர் எழுத்து. வாயைத் திறந்தார். கறண்ட் போயிற்று.

அந்த ஓர் எழுத்தை ஒரு கிழமை வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிந்தார். வேப்பமரத்துக்குக் கீழ் இருந்து அதைப் பல மாதிரிச் சொல்லிப் பார்த்தார். வியாழக்கிழமை இரண்டு அறிவித்தல்கள் வந்தன. ஒன்று, வெள்ளி ஒரு மணியிலிருந்து லைன் வேலைக்காகக் கறண்ட் வெட்டு. மற்றது, அதே வெள்ளி இரண்டரைக்கு, "மாவட்டத்தின் அதிசிறந்த ஆரோக்கிய மின்கல அறை" விருது வழங்கும் வைபவம், கதிரவெளி டவர் வளாகத்தில். மூன்று மணிக்குக் கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து வரும் பிரதம அதிதி பலகையைப் பார்வையிடுவார். நூறு இருந்தால்தான் விருது. தொண்ணூற்றொன்பதுக்கு ஆறுதல் பரிசும் இல்லை.

வெள்ளி ஒன்றரைக்கே பந்தல் நிரம்பிவிட்டது. கறண்ட் இல்லை. ஜெனரேற்றர் உறுமியது; பற்றரிகள் குளிர்ந்தன; பந்தலில் சனம் அவிந்தது. யோசேப் விண்ணப்பம் அனுப்பினார். போன் வட்டம் சுற்றியது. மறுபடி அனுப்பினார். மறுபடி. நாலாம் முறை அனுப்பிவிட்டு ஜசிந்தனிடம் போனார்.

"சேர், அரை மணித்தியாலம் பற்றரி வேணும். எண்ட மனிசி கோல் எடுப்பா."

"தாராளமா. விண்ணப்பிச்சீங்களா?"

"நாலு தரம். போகுதில்ல."

"போகும். போனா அனுமதிப்பாங்க. உங்களுக்கு இல்லாமலா? இண்டைக்கு நீங்கதான் நாயகன்." தோளில் தட்டினார். "என்னைப் பொறுத்தவரைக்கும் நீங்க அனுமதி எடுத்த மாதிரித்தான்."

"அப்ப போடட்டா?"

"அது மட்டும் ஏலாது."

இன்ஷாப் இதைக் கேட்டுக்கொண்டு நின்றான். யோசேப்பை ஜெனரேற்றருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், கையில் ஒரு சாவியை வைத்தான்.

"அண்ணன், இது பெட்டி பழுதானாத் திறக்கிற சாவி. நம்பர் தேவையில்ல. எண்ட கையில இருந்து எப்பிடி விழுந்திச்செண்டு எனக்குத் தெரியா. நான் ஒண்டுக்குப் போய் வாறன்."

இரண்டு மணி ஏழு நிமிசத்துக்கு யோசேப் அறைக்குள் நுழைந்தார். காவல் காத்த காலத்தில் உள்ளே நின்று மூச்சு விட்டது அன்றுதான். குளிர் முகத்தில் அடித்தது. இருபத்துநான்கு பற்றரிகளும் கழுவிய பிள்ளைகள் மாதிரி வரிசையாக இருந்தன. பெட்டியைத் திறந்து சுவிட்சில் கையை வைத்தார்.

"யோசேப்பண்ணன்." வாசலில் பிறின்ஸ். பின்னால் சங்கத்து ஆட்கள் பத்துப் பேர். "என்ன செய்றீங்க?"

"மார்கிறட் எடுப்பா. மூணு மணிக்குக் கையெழுத்து வெக்கப்போறா."

"எத்தனை வீதம் போகும்?"

"அரை மணித்தியாலத்துக்கு ஆறு."

"தொண்ணூற்றி நாலு." பிறின்ஸின் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணன், மண்டூரில இருந்து ரெண்டு வேன் வந்திருக்கு. பந்தலில முன்வரிசையில குந்தியிருக்கானுகள். எங்கட முகத்தைக் கொஞ்சம் யோசிங்க."

"நீதானேடா பற்றரியைப் போடச் சொல்லிப் படலையில குந்தினவன்?"

"அது நூறு வர முந்தின காலம்," என்றான் பிறின்ஸ். "நாங்க உங்களைத் தடுக்கல்ல. நீங்களே முடிவெடுங்க. அக்கா திரும்ப எடுக்க மாட்டாவா? எடுப்பா."

உண்மையில் ஒருவரும் தடுக்கவில்லை. அதை இங்கே சொல்லியாக வேண்டும். பத்துப் பேரும் வாசலை விட்டு விலகிக்கூட நின்றார்கள். விலகிய இடைவெளியால் மின்பலகையின் முதுகு தெரிந்தது; வெயிலில் அந்தப் பக்கமும் சிவப்பு கசிந்தது. யோசேப் பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு எடுத்த ஆகக் கூடிய புள்ளி முப்பத்தாறு. அதற்குப் பிறகு உலகம் அவருக்குப் புள்ளியே போடவில்லை. இந்த நூறை அவர் பதினொரு மாதம் வெயிலில் இருந்து காவல் காத்திருக்கிறார்.

மூன்று மணிக்கு அதிதி பார்க்கட்டும், பார்த்த கையோடு போடுவோம், அவள் திரும்ப எடுப்பாள் என்று அவர் நினைத்தார். அப்படி நினைத்தது அவர்தான். சுவிட்சிலிருந்து கையை எடுத்தார்.

வைபவம் சிறப்பாக நடந்தது. மைக் வேலை செய்யாததால் பேச்சுகள் சுருங்கின. அது ஒன்றே நிகழ்ச்சி நிரலில் இல்லாத நன்மை. பிரதம அதிதி மூன்று மணி பத்துக்குத்தான் வந்தார். பலகையைப் பார்த்தார். "ஒரு சேவையை வழங்குவதைவிட, வழங்கக்கூடிய வல்லமையைப் பேணுவதே மேலானது," என்றார். பிறகு முதலாம் இலக்கப் பற்றரிக்குப் பொன்னாடை போர்த்தினார். அடுத்ததாக யோசேப்புக்குப் போர்த்தினார். மண்டூர்க்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கதிரவெளி கை தட்டியது.

"அத்துடன் திரு. யோசேப் அவர்களின் அர்ப்பணிப்பைப் பாராட்டி," என்று ஜசிந்தன் தொண்டை கிழிய வாசித்தார், "அன்னாருக்கு இரண்டு வருட காலத்துக்கு இலவச வெளிநாட்டு அழைப்பு வசதி வழங்கப்படுகிறது."

அந்த நேரம் பார்த்துக் கறண்ட் வந்தது. மைக் கீச்சிட்டது. யோசேப்பின் சேட்டுப் பைக்குள் போன் நாலு தரம் துடித்தது: உங்கள் விண்ணப்பம் அனுமதிக்கப்பட்டுள்ளது. உங்கள் இரகசிய இலக்கம். உங்கள் இரகசிய இலக்கம். உங்கள் இரகசிய இலக்கம். ஐந்தாம் தரம் துடித்தது மார்கிறட்.

அவர் பொன்னாடையோடு மேடையின் ஓரத்துக்குப் போனார். பந்தல் அமைதியானது. குவைத்திலிருந்து கோல் என்றால் எல்லாருக்கும் மரியாதை உண்டு.

"அரை மணித்தியாலமா எடுத்தன். போகல்ல," என்றாள் மார்கிறட். "நீங்க ஒண்டும் சொல்லல்ல எண்டா நிக்கச் சொல்றீங்க எண்டு நினைச்சிக் கையெழுத்து வெச்சிட்டன். மேடத்துக்குச் சந்தோசம். அஞ்சு நிமிசம் கூடத் தந்திருக்கா."

யோசேப்பின் பின்னால் மைக் மறுபடி கீச்சிட்டது; முன்வரிசையில் யாரோ இருமினார்கள்.

"என்ன சத்தம் அங்க? ஆக்கள் நிக்கிற மாதிரிக் கிடக்கு."

"ஒரு பரிசு குடுத்தாங்க எனக்கு."

"பரிசா? உங்களுக்கா? என்ன பரிசு?"

"வெளிநாட்டுக் கோல் சும்மா எடுக்கலாமாம். ரெண்டு வருசத்துக்கு."

 அவள் சிரித்தாள். "நல்லம். கணக்குச் சரி."

"மார்கிறட்."

"சொல்லுங்க. எண்டாலும் கேக்கிறன். கோல் கிடைச்சிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க? வரச் சொல்லியா, நிக்கச் சொல்லியா?"

யோசேப் வாயைத் திறந்தார்.

லைனில் ஏதோ மிச்ச வேலை இருந்திருக்க வேண்டும். கறண்ட் போயிற்று. ஜெனரேற்றர் உறுமிக்கொண்டு எழும்பியது. அறைக்குள் முதலாம் பற்றரியின் பொன்னாடை ஏசிக் காற்றில் லேசாக ஆடியது. வேலியில் பலகை ஒருமுறை இமைத்துவிட்டுச் சிவப்பாக எரிந்தது.

நூறு.

ஊர் எழும்பி நின்று கை தட்டியது. இம்முறை மண்டூர்க்காரரும் தட்டினார்கள்.