முன்னாடிப் படம்

வலது கன்னம் உப்பியிருந்தது. இடது கன்னம் பழையபடி தொங்கிக்கொண்டிருந்தது. போட்டோ எடுக்க இன்னும் இரண்டே நாள்.

பெரியவள் குளியலறைக் கண்ணாடி முன்னால் முகத்தை இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். எப்படித் திருப்பினாலும் ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைக் காட்டிக்கொடுத்தது.

"உள்ள தூங்கிட்டியா?" வெளியே கணவர்.

"பல்லு தேய்க்கிறேங்க."

"அரை மணி நேரமாவா? எத்தனை பல்லு உனக்கு?"

விஷயம் இதுதான். போன வாரம் தங்கையின் மருவை எடுக்க அக்காளும் தங்கையும் ஒரு தோல் கிளினிக்குக்குப் போயிருந்தார்கள். அங்கே மேனேஜர் அக்காளைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். மறுபடி அக்காளைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"ஒரே மூக்கு, ஒரே கண்ணு! மேடம், அல்ட்ராசவுண்டுல தோலை இறுக்கற மெஷின் புதுசா வந்திருக்கு. கத்தி கிடையாது, தையல் கிடையாது. வாசல்ல அதுக்கு விளம்பரப் போர்டு வைக்கறோம். நீங்க ரெண்டு பேரும் படம் குடுக்கணும்."

"ரெண்டு பேருமா?"

"ஆமா. முன்னாடி உங்க படம். பின்னாடி உங்க தங்கச்சி படம். ஒண்ணே ஒண்ணு மேடம், அதுவரைக்கும் முகத்துல எதுவும் பண்ணிக்காதீங்க. இதே மாதிரி அப்படியே வாங்க."

அப்படியே வாங்க! ஐம்பத்து மூன்று வயதுவரை அவளைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. கட்டிக்கொண்டவர்கூடச் சொன்னதில்லை.

வீட்டு ஆல்பத்தில் எந்தப் படத்தை எடுத்தாலும் சின்னவள் முன்னால், பெரியவள் பின்னால். 'நீ உயரம்மா' என்பார்கள். உட்கார்ந்து எடுத்த படங்களிலும் அப்படித்தான். வேலை தபால் நிலையப் பார்சல் கவுண்டரில். கண்ணாடித் தடுப்பில் இருந்த ஓட்டை சரியாக அவள் தாடைக்கு நேரே அமைந்துவிட்டதால், இருபத்திரண்டு வருஷமாக ஜனங்கள் அவளுடைய இரட்டைத் தாடையோடுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது முதல்முறையாக முன்னாடி! பார்சல் அனுப்ப வந்தவர்களிடமெல்லாம் சொல்லியாயிற்று.

ஆனால் அந்தத் தாடையோடு போர்டில் ஏறுவதா? யாருக்கும் தெரியாமல், அதே மாதிரி மெஷின் வைத்திருந்த பக்கத்துத் தெரு பார்லரில் போய்ப் படுத்தாள்.

"ஜெல்லு ஜில்லுனு இருக்கும்க்கா. அப்புறம் லேசா சுருக்குங்கும், அவ்வளவுதான்" என்றாள் பார்லர்காரி.

லேசாகவா? தாடை எலும்பில் யாரோ ஸ்டேப்ளர் அடிப்பது போலிருந்தது.

"ஐயோ! சவுண்டுன்னு சொன்னே, சத்தமே காணோம்?"

"காதுக்குக் கேக்காதுக்கா. தோலுக்குத்தான் கேக்கும்."

"என் தோலுக்கு நல்லாவே கேக்குதுடி!"

வலது பக்கம் முடிந்ததும் மெஷின் கீச்சென்று கத்திவிட்டு அணைந்துபோனது.

"சூடாயிடுச்சுக்கா. இடது பக்கம் அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"அதுவரைக்கும் பாதி மூஞ்சியோட அலையறதா?"

"கவலையே படாதீங்க. எப்படியும் பலன் தெரிய மூணு மாசம் ஆகும். இப்ப தெரியப்போறது வெறும் வீக்கம்தான்."

அந்த வீக்கத்தோடுதான் இப்போது குளியலறைக் கதவைத் திறந்தாள்.

"என்ன இது கன்னத்துல?"

"பல்லு வலிங்க."

வாய்தவறி வந்துவிட்டது. சினிமாவுக்குக் கிளம்ப மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்ளும் மனிதர் மூன்றே நிமிஷத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார். "வலது பக்கம் எல்லாப் பல்லும் நல்லா இருக்கு. இடது கடைவாய்ப் பல்லுதான் சொத்தை. சில பேருக்கு வலி பக்கம் மாறித் தெரியும். எடுத்துடலாமா?"

"எடுத்துடுங்க" என்றார் கணவர், அது அவருடைய பல் மாதிரி.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்குள் ஊசி போய்விட்டது.

சரி, இடது பக்கமும் வீங்கினால் இரண்டும் சமமாகிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். வீங்கத்தான் செய்தது, ஆனால் இன்னொரு உயரத்தில். சாயங்காலம் ஐஸைத் துணியில் சுற்றிக் கன்னத்தில் கட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள். சீரியல் சண்டையில் கவனம் போனது. ஐஸை எடுத்தபோது கன்னத்தில் உள்ளங்கையளவு சிவப்புத் திட்டு.

கணவர் உற்றுப் பார்த்தார். "ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே? எங்க பெரியப்பா சாயல் வந்துடுச்சு உனக்கு."

மறுநாள் தங்கை போன் செய்தாள். "அக்கா, பல்லு புடுங்கினாங்களாமே. முடியலன்னா விடு. நான் வேணா முன்னாடி நின்னுக்கறேன்."

"நின்னுக்குவே, நின்னுக்குவே! சின்ன வயசுலேர்ந்து அதைத்தானே பண்றே? உசுரே போனாலும் நான்தான்டி முன்னாடி!"

"ஏன்க்கா கத்தறே? வாய்ல தையல் பிரிஞ்சுடப்போகுது."

போட்டோ நாளன்று மாஸ்க் போட்டுக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனாள். மேனேஜர் வாசலிலேயே காத்திருந்தார்.

"மாஸ்க்கை எடுங்க மேடம்."

"சார், ஒரு சின்ன..."

"எடுங்க."

எடுத்தாள். போட்டோகிராபர் கேமராவை மெல்லக் கீழே வைத்தார். போச்சு, தங்கையைக் கூப்பிடப்போகிறார்கள் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அற்புதம்!" என்றார் மேனேஜர். "இவ்வளவு நான் எதிர்பாக்கவே இல்ல மேடம்!"

போட்டோகிராபர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "லைட்டை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கு. மேடம், சிரிக்காதீங்க. தாடையை நல்லா உள்ள இழுங்க. அருமை!"

"எனக்கு மேக்கப்?"

"உங்களுக்கெதுக்கு மேடம் மேக்கப்? அதெல்லாம் தங்கச்சிக்குத்தான். அவங்களுக்கு ஒரு மணி நேரமாவது ஆகும்."

நாற்பது வருஷத்துக் கணக்கு அன்றைக்குத் தீர்ந்தது. மேக்கப் போடாமலே முன்னாடி! படம் எடுத்து முடித்து நிமிர்ந்து நடந்து மேக்கப் அறைக்குப் போனாள். அங்கே தங்கையின் முகத்துக்கு மூன்றாவது பூச்சு நடந்துகொண்டிருந்தது.

"நல்லாப் பூசும்மா" என்றாள் மேக்கப்காரியிடம். "என்ன பூசி என்ன? நான்தானே முன்னாடி, இவ பின்னாடிதானே?"

மேக்கப்காரி பிரஷ்ஷை நிறுத்தாமலே சொன்னாள்:

"ஆமாக்கா, போர்டுலயும் அப்படித்தான் எழுதப்போறாங்க: சிகிச்சைக்கு முன்னாடி நீங்க, சிகிச்சைக்குப் பின்னாடி இவங்க."