கோடாலி இல்லாக் கிராமம்

மனித குலம் அவசரப்பட்டு நெருப்பை முதலில் கண்டுபிடித்துவிட்டது. முறைப்படி விறகு பிளக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டு, அதற்கப்புறம்தான் நெருப்புக்குப் போயிருக்க வேண்டும். பல்லாயிரம் ஆண்டுகளாக யாரும் கவனிக்காத இந்த வரிசைப் பிசகைத் திருத்தும் பொறுப்பு, திருவிடைமருதூருக்குத் தெற்கே உள்ள கீழமருதங்குடியின் தலையில் விழுந்தது. ஊர் அதைத் தாங்கிக்கொண்டது. ஊர் என்றால் பஞ்சநதம்.

பஞ்சநதத்துக்கு நஞ்சையும் உண்டு, சூர்யபிரகாஷ் என்ற மகனும் உண்டு. நஞ்சையில் விளைச்சல் பரவாயில்லை. மகன் பொறியியல் படித்து, பெங்களூரில் வேலை பார்த்து, அங்குள்ள மேலாளர்களின் குறுகிய பார்வை காரணமாக ஊர் திரும்பியவர். திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. கொல்லையில் ஒரு பழைய ஸ்கூட்டர் எஞ்சின், அறுவடை மிஷினின் பெல்ட், கரும்புச்சாறு பிழியும் வண்டியின் சக்கரம் எல்லாம் கிடந்தன. பார்த்தார். மேதைகளுக்குப் பார்வை போதும். மாடுகளை வெளியே கட்டிவிட்டு, கொட்டகை வாசலில் 'ஆய்வகம்' என்று எழுதினார்.

இயந்திரத்தின் மூக்கில், கட்டையைத் துளைத்துப் பிளப்பதற்கு, திருகாணி போல முறுக்கிய இரும்புக் கூம்பு ஒன்று தேவைப்பட்டது. உறுதியான இரும்புக்கு எங்கே போவது? ஊரில் வீட்டுக்கு வீடு கோடாலி இருந்தது. கூட்டம் போட்டார்கள். 'மனித உழைப்பை இழிவுபடுத்தும் கருவி' என்று கோடாலியைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேறியது. ஒன்று விடாமல் வாங்கி, பட்டறையில் காய்ச்சி அடித்துக் கூம்பாக்கினார்கள். மறுநாளே ஊர் எல்லையில் பலகை வைத்தாயிற்று: 'கோடாலி இல்லாக் கிராமம் தங்களை அன்புடன் வரவேற்கிறது.' ஒரு விருதுக்கும் விண்ணப்பம் போனது.

இயந்திரத்தை எங்கே நிறுவுவது என்ற கேள்வி வந்தபோது பஞ்சநதம் யோசிக்கவே இல்லை.

"தெருவோட சுடுகாட்டுல வைங்கப்பா. முதல் பலன் அவங்களுக்குத்தான். சமூக நீதின்னா வேற என்ன?"

ஊருக்குத் தனிச் சுடுகாடு, ஊரை விட்டுத் தள்ளிவைத்திருந்த தெருவுக்குத் தனிச் சுடுகாடு என்று இருப்பதில் இப்படி ஒரு நன்மை உண்டு என்பது அன்றைக்குத்தான் பலருக்கும் விளங்கியது.

எல்லாம் தயார். ஒரு சாவுதான் பாக்கி. அந்தக் குறையைத் தெருவைச் சேர்ந்த சுடர்விழி தீர்த்துவைத்தாள்.

காய்ச்சல் என்று படுத்தாள். எழுந்திருக்கவில்லை. புருஷன் தமிழ்மாறன் கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறவன். அவன் அழவில்லை. அழ வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவனுக்கு ஒரே ஒரு எண்ணம்தான் இருந்தது. சுடர்விழிக்கு இருட்டு என்றால் பயம். விளக்கை அணைத்தால் தூங்க மாட்டாள். கரண்டு போனால் அவன் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். அவளை இருட்டில் கிடத்திவிட்டுத் திரும்பக் கூடாது. பொழுது சாய்வதற்குள் நெருப்பு வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

வீரசோழன் ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் பாடை வந்து சேர்ந்தபோது, அங்கே ஏற்கெனவே பந்தல் போட்டிருந்தது. சவுக்குக் கால், மூங்கில் குறுக்கு, மேலே புதுத் தென்னங்கீற்று. பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு மைக். பந்தல் முகப்பில் 'துவக்க விழா, அனைவரும் வருக' என்று பேனர். சுடர்விழி அதன் கீழாகத்தான் வந்தாள்.

நடுவில் இயந்திரம் பச்சைப் பெயின்டில் பளபளத்தது. பக்கத்தில் புளியங்கட்டைகள் உருளை உருளையாகக் கிடந்தன. இடுப்பளவு பருமன். அப்படியே அடுக்கினால் ஒரு வாரம் ஊதினாலும் தீப்பிடிக்காது.

கட்டைகளுக்கு அருகே துரைராசு நின்றான். நேற்றுவரை தெருவின் விறகுவெட்டி. இன்று ஆரஞ்சு ஜாக்கெட், ஹெல்மெட், கழுத்தில் அடையாள அட்டை.

"டேய் துரைராசு, நாலு கட்டையப் பொளந்து போடுடா. வெயில் எறங்குது" என்றார் மருதையன். சுடர்விழியின் அப்பா.

"அண்ணே, நான் இப்ப ஆபரேட்டர். மிஷின் சொன்னாத்தான் நான் செய்யணும்."

"மிஷின் எப்ப சொல்லும்?"

"சீஃப் கெஸ்ட் வந்தப்புறம்."

"அவரு எங்க?"

"குத்தாலம் தாண்டிட்டாராம்ணே."

மருதையன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார். "நான் வண்டிய எடுத்துட்டுப் போயி பக்கத்து ஊருல ஒரு கோடாலி வாங்கிட்டு வந்துடறேன் மாப்ள."

மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்த பஞ்சநதம் பதறிப்போனார். "ஐயையோ, கோடாலி எல்லைக்குள்ள வந்தா விருது போயிடும் மருதையா! ஆய்வுக் குழு எந்த நேரம் வேணாலும் வரலாம். ஊரு மானம் இல்லையா?" மைக் ஆன் ஆகியிருந்ததால் ஊர் மானம் ஆற்றின் அக்கரை வரைக்கும் கேட்டது.

சீஃப் கெஸ்ட் வரவில்லை. வெயில் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. சரி, அவர் வரும்போது இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கட்டும் என்று சூர்யபிரகாஷ் பெரிய மனது பண்ணினார்.

"ப்ரோ, முதல்ல ரெஜிஸ்ட்ரேஷன். நம்ம ஆப்ல பயனாளி பேர் போட்டாத்தான் எஞ்சின் லாக் ரிலீஸ் ஆகும். முறைகேடு நடக்கக் கூடாது பாருங்க."

"பேர் தமிழ்மாறன்" என்றான்.

"உங்க பேர் இல்ல ப்ரோ. பயனாளி பேர். பயனாளி மொபைலுக்கு ஓடிபி வரும்."

தமிழ்மாறன் பாடையைப் பார்த்தான். சூர்யபிரகாஷும் பார்த்தார். பிறகு சுடர்விழியின் எண்ணைச் சொன்னான். அவன் சட்டைப்பையில் 'டிங்' என்றது. அவள் போன் அங்கேதான் இருந்தது. எடுத்து, திரையில் வந்திருந்த எண்களை ஒவ்வொன்றாகப் படித்தான். இயந்திரத்தின் ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல், 'வணக்கம் சுடர்விழி, உங்கள் வரவு நல்வரவாகுக' என்றது.

கூட்டத்தில் நாலைந்து பேர் கை தட்டினார்கள். தொழில்நுட்பம் எந்த இடத்திலும் மனிதனை நெகிழ வைத்துவிடுகிறது.

"பூஜை போடாம ஸ்டார்ட் பண்ணக் கூடாதுப்பா" என்றார் பஞ்சநதம். எலுமிச்சம்பழம் இருந்தது. கற்பூரத்துக்குச் சுடுகாட்டில் பஞ்சமில்லை. குங்குமமும் வைத்தாயிற்று. மாலைதான் மறந்துபோயிருந்தது. சீஃப் கெஸ்டுக்கு வாங்கிய மாலையில் கைவைக்க முடியாது. சுற்றிலும் பார்த்தார். சுடர்விழியின் மேல் ஒரு ரோஜா மாலை கிடந்தது.

"தம்பி, ஒரு நிமிஷம் எடுத்துக்கறோம். எப்படியும் எரியப்போறதுதானே."

தமிழ்மாறன் இறங்கும் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொள்ளப்பட்டது.

மாலை இயந்திரத்தின் கழுத்தில் ஏறியது. துரைராசு கட்டையைத் தூக்கி மேடையில் வைத்தான். சூர்யபிரகாஷ் பொத்தானை அழுத்தினார். எஞ்சின் இருமியது, புகைந்தது, பிறகு கூம்பு சுழல ஆரம்பித்தது. ஊரின் அத்தனை கோடாலிகளும் ஒன்றாய்ச் சேர்ந்து சுற்றியது கண்கொள்ளாக் காட்சி. முதல் சுற்றில் மாலையின் நுனியைப் பிடித்தது. அடுத்த சுற்றில் மாலையே உள்ளே போய்விட்டது. வாழைநார் கூம்பில் இறுக, கட்டை ஒருபக்கம் உருண்டு துரைராசின் ஹெல்மெட்டைத் தட்டிக்கொண்டு போக, பெல்ட் அறுந்து பாம்பு போலத் துள்ளி விழுந்தது. எஞ்சின் நின்றது. ரோஜா இதழ்கள் மெதுவாகக் கீழே இறங்கின.

"செம ஷாட் சார்!" என்றார் வீடியோ எடுக்க வந்த அஸார். "பூ மழை மாதிரி வந்திருக்கு."

"மிஷின்ல ஒரு குறையும் இல்ல" என்றார் சூர்யபிரகாஷ், கூம்பைத் தடவிக்கொண்டே. "மாலையிலதான் நாரு ஜாஸ்தி."

"ஆமாங்க தம்பி, எங்க தப்புதான்" என்றார் மருதையன். "அடுத்த பொண்ணு சாகறப்ப நாரில்லாத மாலையாக் கட்டச் சொல்றேன்."

"குட் ஃபீட்பேக்" என்றார் சூர்யபிரகாஷ். அவர் மனம் முழுக்க பெல்ட்டில் இருந்தது. கும்பகோணத்தில் கிடைக்கும், ஆள் போய் வர ஒரு மணி நேரம் ஆகும், அதுவரை சூர்யபிரகாஷ் இயந்திரத்தின் தத்துவத்தை விளக்குவார் என்று பஞ்சநதம் மைக்கில் அறிவித்தார். விளக்கம் தொடங்கியது. பறை அடிக்க வந்தவர்கள் பறையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்கள். அக்கரைத் தென்னைகளின் உச்சியில் மட்டும் வெயில் ஒட்டிக்கொண்டிருந்தது.

தமிழ்மாறன் எழுந்தான். பந்தலின் ஓரக்காலருகே போய், கயிற்றின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தான்.

"தம்பி, என்ன பண்றீங்க?" என்றார் பஞ்சநதம்.

"பந்தலப் பிரிக்கறேன்."

"விழா இன்னும் முடியலையே!"

"உங்களுது முடியல."

ஒரு கால் சாய்ந்தது. கீற்று ஒன்று சரிந்து பேனரின் மேல் விழுந்தது. மருதையனுக்குப் புரிய ஒரு நொடிதான் ஆயிற்று. "ஏலேய், வாங்கடா!" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். தெரு ஆட்கள் மொத்தமும் பாய்ந்தார்கள். துரைராசு சற்று நேரம் ஹெல்மெட்டோடு நின்றான். பிறகு அதைக் கழற்றிக் கட்டையின் மேல் வைத்துவிட்டு அவனும் ஒரு காலைப் பிடுங்கினான். சவுக்கை அரிவாளாலேயே நறுக்க முடிந்தது. தலைக்கு மேலே நிழல் போன பிறகும் முன்வரிசைக்காரர்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒழுங்கு என்றால் அதுதான் ஒழுங்கு.

கீழே சவுக்கு, இடையிடையே மூங்கில், சுடர்விழி, மேலே வறட்டி, கீற்று, வைக்கோல், சேறு. பறை அதிர்ந்தது. தமிழ்மாறன் கொள்ளி வைத்தபோது வெளிச்சம் இருந்தது. காய்ந்த சவுக்கு சடசடவென்று பிடித்துக்கொண்டது. அவன் திரும்பிப் பார்க்காமல் ஆற்றில் இறங்கி முழுகினான். முழுகி எழுந்த முகத்தில் எது ஆற்று நீர் என்று யாரும் கேட்கவில்லை.

கரையேறியபோது எதிரே சூர்யபிரகாஷ் நின்றார். பின்னால் அஸாரின் கேமரா. இயந்திரத்துக்குப் பின்னே தீ எரிவது நல்ல பின்னணியாக அமைந்துவிட்டதாம்.

"ப்ரோ, ரெண்டே வார்த்தை. பயனாளி தரப்புக் கருத்து."

தமிழ்மாறன் மைக்கைப் பார்த்தான். தலையிலிருந்து நீர் சொட்டியது.

"அருமையான மிஷின்."

"சூப்பர் ப்ரோ. அப்புறம்?"

"அடுத்தது உங்க வீட்டுக்குப் பயன்படட்டும்."

"தேங்க் யூ ப்ரோ" என்றார் சூர்யபிரகாஷ், பழக்கதோஷத்தில். பஞ்சநதத்துக்குத்தான் முதலில் உறைத்தது.

"வாயக் கழுவுப்பா! எங்க வீட்டுக்கு எதுக்கு இந்த எழவு? போன மாசம் எங்க சித்தப்பாவையே ஏசி வண்டி வெச்சு கும்பகோணம் கொண்டுபோயி, கேஸ் மேடையில வெச்சு, காப்பி ஆறுறதுக்குள்ள முடிச்சுட்டு வந்தோம். நாங்க ஏன் வெறகோட மல்லுக்கட்டணும்?"

கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

இப்படி ஒரு குடும்பம் எத்தனை ஊருக்கு வாய்க்கும்! தங்கள் வீட்டுப் பிணம் ஒன்றைக்கூட இந்த இயந்திரத்தின் பக்கம் அண்டவிடாமல், அதன் பலன் முழுவதையும் அடுத்தவர் வீட்டுச் சாவுக்கே எழுதிவைத்துவிட்டார்கள்.